ஐந்தாம் வேண்டல்

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கதிரவன் தெருக்கோடி மரக்கடையின் அடுக்கிய பலகைகளைக் கடந்து, அதன் பின்புறச் சந்தின் தாழ்ந்த கூரைகளைத் தடவி, கோயிலின் கல்மதில்மேல் ஏறி நிற்கும் வேளையில், கஞ்சியிட்ட உடையும் அதனினும் விறைத்த கழுத்துமாய் இருவர் இருவராக வாயிலை நோக்கி நடந்துவரும் கிறித்தவப் பெருமக்களைக் காணும் எவரும், அறிவிற் சிறந்த நண்பரே, விண்ணரசு இவர்கள் பெயருக்கே எழுதிவைக்கப்பட்டுவிட்டது என்றுதான் எண்ணுவர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணி ஏமாந்தவன்தான்.

ஆண்டவர் தாமே தம் மாணாக்கர்க்குக் கற்பித்த வேண்டுதல் ஒன்று உண்டு. விண்ணிலுள்ள தந்தையை விளித்துத் தொடங்கும் அதில் ஏழு வேண்டல்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஆறுக்கு நாம் கையேந்தி நின்றாலே போதும். ஐந்தாவதில் மட்டும் ஒரு கொக்கி இருக்கிறது: எமக்குத் தீங்கிழைத்தோரை யாம் பொறுப்பது போலவே எம் பிழையையும் பொறுத்தருளும் என்று கேட்டு, நம்மை அளக்க வேண்டிய கோலை நாமே எடுத்து இறைவன் கையில் கொடுத்துவிடுகிறோம். அக்கோயிலில் ஒருவர் முன்னின்று இதனை வரிவரியாகச் சொல்ல, ஒவ்வொரு வேண்டல் முடிவிலும் மணியடிப்பவர் கயிற்றை ஒருமுறை இழுப்பார். மணியொலித்த பின்னரே மக்கள் அவ்வரியைத் திருப்பிச் சொல்வர். நோயுற்று வீட்டில் கிடப்போரும் அவ்வேழு ஒலிகளைக் கேட்டுப் படுக்கையிலிருந்தே உடன்வேண்டட்டும் என்று முன்னோர் வகுத்த முறை அது.

முன்னின்று சொல்பவர் மரக்கடைக்காரர். ஊரார் இட்ட பெயர் வெண்கலத் தொண்டை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கோயிற் கூரைக்கென்று அவர் கொணர்ந்த உத்தரத்தை, அவருடைய தங்கையான தையற்காரி எல்லார் முன்னிலையிலும் நகத்தால் சுரண்டிக் காட்டி, "அண்ணா, இது உளுத்த மரம். புள்ளைங்க தலையில விழுந்துடும்" என்றாள். உத்தரம் மாற்றப்பட்டது. கூரை இன்றும் நிற்கிறது. ஆனால் அன்று தொட்டு அண்ணன் தங்கையோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறன்று ஐந்தாம் வேண்டல் வந்தபோது, மரக்கடைக்காரரின் வாயில் அவ்வரி நுழைய மறுத்தது. கைக்குட்டையால் முகம் பொத்தி, விம்முபவர்போல் தோள் குலுக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆறாவதற்குத் தாவிவிட்டார். தம் பிழைகளை எண்ணி உருகுகிறார் என்று கூட்டமே மெய்சிலிர்த்தது. முன்னால் போகும் ஆடு பள்ளத்தில் விழுந்தால் பின்னால் வருவது மேட்டிலா நடக்கும்? ஒரு திங்களுக்குள் எல்லார் முகத்திலும் கைக்குட்டை ஏறியது. மாமியாரோடு பேசாத மருமகளும், பங்காளி வீட்டு வாசலை மிதிக்காத பங்காளியும், அவ்வரி ஒழிந்ததில் உள்ளூர மகிழ்ந்து ஓங்கி விம்மினர். ஐந்தாவது இடத்தில் முகம் பொத்துவதே முறை என்று குழந்தைகளுக்கும் கற்பித்தனர். சொல்லாத வரிக்கு மணியில்லை. ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளாய் அம்மணி ஆறுமுறையே ஒலித்தது. இதற்குப் பெயர் வழிபாடு!

இப்போது தையற்காரி நுரையீரல் நோயால் இளைத்து, சந்தின் கடைசி வீட்டில், மகள் தாங்கிப் பிடித்தாலன்றி எழ இயலாதவளாய்க் கிடந்தாள். அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையில்லை. அச்செய்தியைச் சுமந்துகொண்டு, வழிபாடு தொடங்குமுன் மணியடிப்பவர் கோயிலின் பக்க அறைக்குச் சென்றார். மரக்கடைக்காரர் கண்ணாடிமுன் நின்று தலைவாரிக் கொண்டிருந்தார்.

"ஐயா, தங்கச்சி இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

"அவ வந்து என் கால்ல விழட்டும். அப்புறம் பாக்கலாம்."

"எந்திரிச்சு உக்காரவே முடியாதவங்க எப்படிங்கய்யா வந்து விழுவாங்க?"

"அது அவ பாடு. நீ போய் உன் கயித்தைப் பாரு."

மணியடிப்பவர் போய்க் கயிற்றைத்தான் பார்த்தார். நான்கு வேண்டல்கள் முடிந்து, வெண்கலத் தொண்டை கைக்குட்டையை உருவ, கூட்டமும் உருவி முகம் பொத்திய அந்த அமைதியில், வயிறெரிந்து, ஒருவரும் சொல்லாத வரிக்காகத் தாமே கயிற்றை இழுத்தார்.

சந்தில் தையற்காரி விழி திறந்தாள். ஆறாவதும் ஏழாவதும் தொடர, ஒவ்வொன்றாய் எண்ணி முடித்து மகளின் கையைப் பற்றினாள். "ஏழுடி! ஏழு அடிச்சுது. அண்ணன் சொல்லிட்டாரு. வருவாரு பாரு, நாற்காலியைத் துடைச்சுப் போடு."

மகள் துடைத்துப் போட்டாள். அந்நேரம் அண்ணனோ, கேளாமல் மணியடித்தவனை வேலையை விட்டு நீக்க வேண்டுமென்று கோயில் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். பிற்பகல் சாயும்வரை வாயிலையே பார்த்திருந்த தங்கை, பார்த்தபடியே இறந்தாள். இல்லாத வரவுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டேனே என்று மணியடிப்பவர் தலையிலடித்துக்கொண்டு அழுதார். அழ வேண்டியவர் அவரல்லர்.

மறுநாள் அடக்க வழிபாட்டிற்கு மரக்கடைக்காரர் வந்தார். முன்னின்று சொல்லவும் செய்தார். ஐந்தாம் வேண்டலில் கைக்குட்டையை எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நுழைய மறுத்த வரி, சவப்பெட்டியின்முன் தடங்கலின்றி, கம்பீரமாய், ஓர் எழுத்தும் குறையாமல் வெளிவந்தது. எதிரே வந்து நிற்க மாட்டாதவளைப் பொறுப்பதில் என்ன கடினம்? 'என்ன மனசுய்யா!' என்று கூட்டம் கண்ணைத் துடைத்தது. அவர் மணியோசைக்காகக் காத்து நின்றார். மணியடிப்பவர் கயிற்றைத் தொடவில்லை.

தாயின் தலைமாட்டில் நின்ற மகள் நிமிர்ந்தாள்.

"மாமா, இனிமே அடிச்சாலும் அம்மாவுக்குக் கேக்காது. நீங்க அடுத்த வரிக்குப் போங்க."

அடுத்த வரி அவருக்கு வரவில்லை. நண்பரே, அவ்வேண்டல் உயிரோடிருப்பவர் உயிரோடிருப்பவர்க்குச் செய்ய வேண்டியதையே கேட்கிறது. காலம் கடந்து அதனை எவ்வளவு இனிய குரலில் சொன்னாலும், சொன்னவன்மேலேயே அது தீர்ப்பாய் வந்து அமர்கிறது.