கியர்ப்பெட்டிக்கு ஆசான் எண்ணெய்

ஜெபமணி முதலாளியின் சிவப்பு வண்டியில் இரண்டே சீட்டு. ஒன்றில் முதலாளி இருப்பார். மற்றதில் நான் இருப்பேன். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன அவருடைய மனைவி ஞானபாய் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் வழியனுப்புவாள்.

எனக்கு அந்தச் சீட்டை வாங்கித் தந்தது என் முதுகு. கீரிப்பாறை எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பந்தய வண்டி அது. பார்த்தால் குதிரைக்குட்டி. காலையில் கிளப்பினால் கழுதை. இஞ்சின் ஓடும்போது முதல் கியரைத் தள்ளினால் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும், உள்ளே போகாது. இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஸ்டார்ட்டர் செத்து வெகுநாள் ஆயிற்று. கியரில் கிடக்கிற வண்டிக்கு முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றலாம்தான். ஆனால் முதலாளியின் கால் கிளச்சில் கொஞ்சம் அசைந்தாலும் வண்டி சுற்றுகிறவன் மேல் ஏறிவிடும். ஆகவே பின்னால் நின்று தள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோட்டாற்றில் லாரிப் பட்டறையில் சாமான் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கேட்டு வாங்கினார்.

தள்ளுவேன். வண்டி உறுமிக்கொண்டு நகரும். ஓடிப்போய்ச் சீட்டில் விழுவேன். வடசேரிச் சந்தையைத் தாண்டும்போது பெரிய மனிதர்கள் முதலாளிக்குக் கும்பிடு போடுவார்கள். அதில் பாதி என் பக்கமும் விழும். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வேன்.

தடிக்காரன்கோணம் ஏற்றத்தில் ஒருநாள் இரண்டாம் கியர் விழாமல் வண்டி நின்று நின்று போயிற்று. பத்துத் தடவை தள்ளினேன். அதற்குப் பிறகு இடுப்பு நிமிரவில்லை. வர்மம் பார்க்கிற சுயம்பு ஆசானிடம் ஒரு பெரிய குப்பித் தைலம் வாங்கி வந்து, தினமும் பட்டறையில் வைத்தே தடவிக்கொண்டேன்.

எங்கள் பட்டறை மேஸ்திரி சிவதாணு எண்ணெய் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். கடைசியில் தன் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், குளிர்கிறதா சுடுகிறதா என்று. வாரத்துக்கு இரண்டு எண்ணெய்க் குளி குளிக்கிற மனிதர். வண்டிக்கும் அதே கணக்குதான்.

"இது சூட்டு உடம்பு, பாத்துக்கோ," என்றார். "மலை ஏறி எறங்குகதுல உள்ள கெடந்து கொதிக்கு. அதான் கத்துது. குளுமையா ஒண்ணு குடுக்கணும்."

லாரிக்கு ஊற்றுகிற கட்டி ஆயிலில் ஆமணக்கெண்ணெயைக் கலந்து ஊற்றினார். மறுநாள் காலையில் கியர்க்கம்பு, பாகில் மாட்டிக்கொண்ட அகப்பை மாதிரி நின்றது. நான் முன்னைவிட இரண்டு பங்கு தள்ளினேன்.

தள்ளுகிறவனுக்குத்தான் சில சங்கதி தெரியும். காலையில் புறப்படும்போதுதான் இந்தப் பாடெல்லாம். மத்தியானம் திரும்பும்போது, வண்டி ஓடி எண்ணெய் சூடாகி நீர்த்த பிறகு, கியர் சத்தமே இல்லாமல் விழும். பெட்டியைப் பிரித்துக் கழுவியபோதும் பார்த்தேன். உள்ளே பித்தளை வளையங்கள் இருந்தன. லாரியில் அது கிடையாது. கியர் போடும்போது அந்த வளையம் பல்சக்கரத்தைப் போய்ப் பிடிக்க வேண்டும். கட்டி எண்ணெயில் அது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. இஞ்சினுக்கு ஊற்றுகிற ஆயில்தான் இதற்குச் சரி என்று எனக்குப் பட்டது. மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ஏலே, கழுவுகவன் கழுவு. கியர்ப்பெட்டிக்கு இஞ்சின் ஆயிலாம்! நாளைக்குச் சோத்துக்கு மோருக்குப் பதிலா பச்சத்தண்ணிய ஊத்தச் சொல்லுவான் இவன்."

நானும் வற்புறுத்தவில்லை. இடுப்பு போனாலும் சீட்டு இருக்கிறதே என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஞானபாய் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"பொன்னுலிங்கம், ஞாயித்துக்கெழம மயிலாடி கோயில்ல ஸ்தோத்திரப் பண்டிகை. எனக்க அக்கா தங்கச்சி எல்லாரும் வருவாவ. நான் அந்தச் சீட்டுல இருந்துதான் போவேன்."

"சரி கொச்சம்மா. அப்ப நான்?"

"நீரு பின்னால ஓடி வாரும். வண்டி நின்னா தள்ளணும்லா."

"மயிலாடி வரைக்குமா?"

"மூணு மாசமா எனக்க மாப்பிளகூட நீருதான ஊரு சுத்துகீரு? ஏழு மைல் ஓடுனா ஒண்ணும் செத்துப் போவமாட்டீரு."

அவள் சிரிக்கவில்லை. ஏழு மைலை நினைத்ததும் சீட்டு ஆசை எனக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் ஆசானுடைய தைலக் குப்பியை எடுத்தேன். அடியில் வாசனைக்கு ஒரு விரற்கடை விட்டுவிட்டு, மீதிக்குப் புது இஞ்சின் ஆயிலை நிரப்பினேன்.

"மேஸ்திரி, ஆசான் இதக் குடுத்து விட்டாரு."

"எதுக்குலே?"

"கியர்ப்பெட்டிக்கு. கத்துகத எல்லாம் சொன்னேன். பழசு பூரா வடியணும், மண்ணெண்ண விட்டுக் கழுவணும், பொறவு இத ஊத்தணும். வேற ஒண்ணும் கலக்கப்பிடாதுன்னாரு."

மேஸ்திரி உள்ளங்கையில் தேய்த்தார். மோந்தார். உச்சியில் தொட்டுக் கண்ணை மூடினார்.

"ஆகா. குளுமை எறங்குகு பாத்தியா? கர்ப்பூரம் சேத்திருக்காரு."

"சேத்திருப்பாரு, மேஸ்திரி."

ஊற்றினார். முதலாளி இஞ்சினை ஓடவிட்டபடியே கியரைத் தொட்டார். சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "கியர்ப்பெட்டிக்கும் வர்மம் உண்டு, மொதலாளி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் குப்புறப் படுத்துக் கிடப்பது என்று தீர்மானித்திருந்தேன். விடிந்ததும் மேஸ்திரியிடமிருந்து ஆள் வந்தது. பட்டறையிலிருந்து போன நெல் லாரி சுசீந்திரம் சாலையில் நிற்கிறது, ஓடிவா என்று.

போய்ப் பார்த்தால், இடலாக்குடியிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை சாலை நடுவே ஒரு கோடு பளபளவென்று கிடந்தது. கர்ப்பூர மணம் தூக்கியது. மேஸ்திரி லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"என்ன மேஸ்திரி ஊத்துனிய?"

"ஆசானுக்க எண்ணெயத்தான். நேத்து நானே போயி ரெண்டு டின் வாங்கியாந்தேன்."

"ஆசான் ஒண்ணும் கேக்கலியா?"

"நோயாளிக்குப் பெரிய உடம்பான்னு கேட்டாரு. ஆமா ஆசானே, லாரி மாதிரி உடம்புன்னேன். தந்துட்டாரு."

அசல் தைலம். பழைய லாரி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற அடைப்பெல்லாம் தேய்ந்தது. நீர்த்த எண்ணெய் அத்தனையும் வழியெல்லாம் ஒழுகி, பெட்டி ஊளையிட்டு, கியர் தரிக்காமல் நின்றுவிட்டது. மேலே நாற்பது மூட்டை நெல்.

"ஓரத்துக்குத் தள்ளு மக்கா," என்றார் மேஸ்திரி, வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

டிரைவரும், கிளி என்கிற கிளீனர் பையனும், நானும் தோளைக் கொடுத்தோம். லாரி ஒரு சாண் நகர்ந்தது. பின்னால் ஹாரன் சத்தம். சிவப்பு வண்டி எங்களுக்காக வேகம் குறைத்து, இரண்டாம் கியருக்கு முனகல்கூட இல்லாமல் இறங்கியது. என் சீட்டில் ஞானபாய், மடியில் காணிக்கைக்கு ஒரு மட்டிப்பழக் குலையோடு.

"நல்லா ஊணித் தள்ளும் பொன்னுலிங்கம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளி சிரித்த சிரிப்பு திருப்பம் வரைக்கும் கேட்டது.

லாரி ஓரம் சேர்ந்ததும் மேஸ்திரி இறங்கினார். தலைமுடியிலிருந்து மீசை வரை தைலம் வடிந்தது.

"எனக்கு இப்பந்தான் வெளங்கிச்சு," என்றார். "அது மெலிஞ்ச உடம்பு. இது தடிச்ச உடம்பு. ரெண்டுக்கும் ஒரே எண்ணெய் ஆவாது. நீ ஆசான்ட்டப் போயி, கட்டியா, கறுப்பா ஒண்ணு கேட்டு வாங்கீட்டு வா."

"சரி மேஸ்திரி," என்றேன்.

கட்டியாய், கறுப்பாய் லாரி ஆயில் ஒரு பீப்பாய் நிறைய எங்கள் பட்டறை மூலையிலேயே இருந்தது. காலிக் குப்பியும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. குனிந்து, சாலையில் கிடந்த தைலத்தை ஒரு கை வழித்து இடுப்பில் தேய்த்துக்கொண்டு, கோட்டாற்றைப் பார்த்து மெதுவாக நடந்தேன்.