சண்டை முடிந்த சேதி

பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு இருக்கிறது. 1972ஆம் வருடம் ஜனவரி மாதம், அங்கே ஆற்றில் வலை போடப் போன இருவர், எலும்பும் தோலுமான ஒரு மனிதரைப் பார்த்தார்கள். அவர் ஜப்பான் சிப்பாய். உலகப்போரில் அந்தத் தீவு எதிரிகள் கைக்குப் போனபோது காட்டுக்குள் ஓடியவர். தரைக்கடியில் குழி தோண்டி அதற்குள்ளேயே இருபத்தெட்டு வருடம் ஒளிந்திருந்தார். நத்தையும் எலியும் தின்றார். மரப்பட்டை நாரில் துணி நெய்து உடுத்தினார். வெளியே வந்தால் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். பிடித்தவர்கள் அவரை ஒப்படைப்பதற்கு முன் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூடாக ஆகாரம் கொடுத்தார்களாம்.

கணியம்பாடியில் டீக்கடை வைத்திருந்த பஞ்சாட்சரம் இதைப் பேப்பரில் பார்த்து உரக்கப் படித்தார். கடையில் இருந்தவர்கள் எலிக்கறியைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். பால் ஊற்ற வந்த சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அவள் கணவர் அர்ச்சுனன், அதே போரின் நடுவில், கல்யாணமான மறு வருடம் பட்டாளத்தில் சேர்ந்தவர். பர்மாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் லீவில் வந்தார், திரும்பிப் போகவில்லை. போலீஸ் வீடு தேடி வந்தது. ஒரு சித்திரை மாத விடியலில் அடிவாரத்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறிவிட்டார். போகும்போது மனைவியிடம் சொன்னது ஒன்றுதான்: "சண்ட முடிஞ்சதும் ஆளனுப்பு. வந்துடறேன்."

சண்டை முடிந்தது. ஆள் போகவில்லை. ஓடிப்போனவனைப் பிடித்தால் சுட்டுவிடுவார்கள் என்று மாமனார் பயந்தார். வெள்ளைக்காரன் போன பிறகு, இனிமேல் மகன் எங்கே உயிரோடு இருக்கப் போகிறான் என்று சொல்லிவிட்டார். பிறகு அவரும் காலமானார். நெற்றிக் குங்குமத்தை அழிக்காமல், கொழுந்தன் கோவிந்தன் வீட்டில் மாடு கன்று பார்த்துக்கொண்டு சம்பூர்ணம் இருந்துவிட்டாள். கணவர் செத்திருப்பார் என்றுதான் அவளும் மெல்ல மெல்ல நினைக்கப் பழகியிருந்தாள். பேப்பர்ச் செய்தி அதைக் கலைத்துவிட்டது. ஜப்பான்காரரைப் போல, சேதி வராததால் அவர் இன்னும் ஒளிந்திருந்தால்? சொல்லி அனுப்பவேண்டியவள் அவள்தானே.

கோவிந்தனிடம் சொன்னபோது அவர் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார்.

"கொழம்புல உப்பு கம்மின்னா எலய வுட்டு எழுந்துடுவாரு எங்கண்ணன். அவரு எலி துன்னுனு இருப்பாரா அண்ணி?"

அவள் வெளியே இறங்கினாள். ஊரில் தண்டோரா போடும் கோபால்சாமியிடம் போனாள். ஊருக்குத்தான் தண்டோரா, காட்டுக்கு எதற்கு என்று அவன் முதலில் கேட்டான். விஷயம் தெரிந்ததும் தப்பட்டையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். கூலியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். ஒவ்வொரு மேட்டிலும் கோபால்சாமி தப்பட்டையை அடித்துக் குரல் கொடுத்தான். கணவர் பெயரை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, அவன்தான் கூப்பிட்டான். "அர்ச்சுனன் அண்ணா! சண்ட முடிஞ்சிப் போச்சி! வெள்ளக்காரன் போய்ட்டான்! வூட்டுக்கு வாங்க!" குரல் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது. குரங்குகள் கிளைமாறி ஓடின. ஒவ்வொரு தடவையும் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள், யாரோ வரப்போவது போல.

உச்சிவேளையில் ஒரு மலையூரை அடைந்தார்கள். புளி உலுக்கிக்கொண்டிருந்த அருணகிரி என்ற விவசாயி தப்பட்டைச் சத்தம் கேட்டு மரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"சாவு எந்த வூட்லப்பா?"

"சாவு இல்லீங்க," என்றான் கோபால்சாமி. "ஒர்த்தர உயிரோட கூட்டினு போவ வந்துகீறோம்."

முழுக் கதையும் கேட்டதும் அருணகிரியின் முகம் மாறியது. அவர் மனைவி சின்னக்குழந்தை சாமைச் சோறும் புளிக்குழம்பும் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அருணகிரி அவர்களைச் சாமைக் கொல்லையோரம் கூட்டிப்போனார். அங்கே ஒரு கல் நட்டிருந்தது.

அருணகிரி வாலிபராக இருந்தபோது, ஆடி மழையில், கொல்லைக் காவல் குடிசையில் ஓர் ஆள் குளிர்ஜுரத்தோடு கிடந்தாராம். மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டு ஆள். போலீஸ் பயத்தில் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அருணகிரியின் தாய் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். பிழைக்கவில்லை.

"ஜுரத்துல அதையேதான் கேட்டுனு இருந்தாரு," என்றார் அருணகிரி. "சண்ட முடிஞ்சிதா, சண்ட முடிஞ்சிதான்னு. எங்கம்மாவுக்கு எந்தச் சண்டன்னே தெரியாது. முடிஞ்சிது சாமி, நீ தூங்குன்னு சொல்லிச்சி. அப்புறந்தான் கண்ண மூடனாரு."

அந்தத் தாய் சொன்னது பொய். ஆண்டவன் அதைப் பாவத்தில் சேர்த்திருக்கமாட்டான்.

சம்பூர்ணம் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது புருவத்தின் மேல் தழும்பு இருந்ததா என்று கேட்டாள். அருணகிரி வெகுநேரம் யோசித்தார். ஆமாம் என்று சொல்ல அவருக்கு மனம் இருந்தது, ஞாபகம் இல்லை. பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அப்போது மலையில் நாலைந்து பேர் திரிந்தார்கள், இது யாரோ தெரியாது என்றார்.

அப்போது சின்னக்குழந்தை அவள் அருகில் குந்தினாள். பொங்கலுக்குத் தங்கள் பெரியவர்களுக்குப் படைக்கும்போது இவருக்கும் ஓர் இலை போடுவது மாமியார் காலத்து வழக்கம் என்றாள்.

"பேரு தெரியாம, கீழ்நாட்டு சாமி வந்து துன்னுன்னு கூப்புடறோம்க்கா. பேரு சொன்னீங்கன்னா பேரு வச்சே கூப்புடுவோம்."

பெயரைக் கொடுத்தால் கணவர் செத்தவர் ஆகிவிடுவார். கொடுக்காமல் போனால், இங்கே கிடப்பவர், யார் பெற்ற பிள்ளையோ, இன்னும் எத்தனை பொங்கலுக்குப் பெயரில்லாமல் வந்து சாப்பிடுவார்? சம்பூர்ணம் கல்லின்மேல் ஒட்டியிருந்த காய்ந்த புளிய இலைகளைத் துடைத்தாள்.

"அர்ச்சுனன்," என்றாள். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "அந்தப் பேரயே வச்சிக்கங்க. அவரு வந்தார்னா திருப்பி வாங்கிக்கிறேன்."

இறங்கும்போது கோபால்சாமி தப்பட்டையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தான். ஒரு வளைவில் அவள் நின்றாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? அடி."

அவன் தப்பட்டையை முன்னால் இழுத்தான். அடித்தான். கூப்பிட வாயெடுத்தவனுக்கு, அந்தப் பெயரை மேலே கல்லுக்குக் கொடுத்தாயிற்று என்பது நினைவுக்கு வந்தது.

"சண்ட முடிஞ்சிப் போச்சி! யாரு இருந்தாலும் வூட்டுக்கு வாங்க!"

இருவரும் சற்று நேரம் நின்றார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.