பலகை அடித்த கட்டம்

தேர்வு நடந்த அந்த அறையின் ஜன்னலில் ஆறு கட்டங்கள் இருந்தனவா, எட்டா என்று ரிம்மாவுக்கு இப்போது நிச்சயமில்லை. யோசிக்க யோசிக்க எண்ணிக்கை மாறுகிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் கண்ணாடி உடைந்து, அதற்குப் பதில் பலகை அடித்திருந்தார்கள். அது மறக்கவில்லை.

ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் பனி உருகத் தொடங்கியிருந்த நாள். மழலையர் பள்ளியில் பேச்சுப் பயிற்சி தருபவள் ரிம்மா. ஆறு வயது தாஸ்யா அவளிடம் வந்தபோது இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வராது. ரிம்மா கதைகளைக் கட்டங்களாக வரைந்தாள், வாக்கியத்துக்கு ஒரு படம். விரல் கட்டம் கட்டமாக நகர, வாய் அதன் பின்னால் மெல்ல வந்தது. அன்று தேர்வுக் குழுவின் முன் தாஸ்யா ஒரு கதை சொல்லியாக வேண்டும். தவறினால் வேறு ஊரிலுள்ள, பேச்சு வராத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். அம்மா ஃபைனா வாசலில் நின்று கழுத்துத் துணியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பழகிய வாத்துக் கதைதான். கதவு திறந்து கிடக்கும் முதல் படம். சிறுமி வாத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் கடைசிப் படம்.

"அட்டைய எடுத்துடுங்க, ரிம்மா அர்காதியெவ்னா," என்றார் குழுத் தலைவி எல்விரா ரஷீதொவ்னா. "கத சொல்றது பொண்ணா, படமா? கட்டம் போட்டு விளையாட இங்க வரல."

அட்டை போயிற்று. தாஸ்யா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணு, சொல்லுடி…"

"அம்மா பேசக் கூடாது. பாப்பா, என்னைப் பாரு. ஜன்னல்ல என்ன வேடிக்கை?"

தாஸ்யா பார்க்கவில்லை. தலைவியின் தலைக்கு மேலே, ஜன்னலையே பார்த்திருந்தாள். மடியில் கிடந்த அவள் விரல் சற்றே நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ரிம்மாவுக்குப் புரிந்துவிட்டது: ஜன்னலின் ஒவ்வொரு கட்டமும் ஒரு படம்.

"கதவு தொறந்து இருந்துச்சு," என்றாள் தாஸ்யா. "வாத்து ஓடிப் போச்சு. பனியில கால் தடம். பாப்பா தடத்து மேலயே நடந்தா. பக்கத்து வீட்டுக் குளியல் கொட்டகையில பொக வந்துச்சு. வாத்து அடுப்புக்கிட்ட தூங்குச்சு."

கண்ணாடிகள் தீர்ந்தன. பலகை அடித்த கட்டம் வந்ததும் விரல் நின்றது. சாத்திய கதவு போலிருந்த அந்தப் பலகையைக் குழந்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பாப்பா வாத்தத் தூக்கிட்டு வந்தா. கதவ நல்லாச் சாத்திட்டா. இனிமே ஓடாது."

"கதவச் சாத்துறது கதையில கெடையாதே!" என்றார் தலைவி.

"தொறந்துல்ல கெடந்துச்சு!" தாஸ்யாவுக்கு எரிச்சல். "சாத்தலன்னா மறுபடி ஓடிடாதா?"

எல்விரா ரஷீதொவ்னா நாற்காலியோடு திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேசை மேல் கவிழ்ந்து கிடந்த அட்டையைப் பார்த்தார். "ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சேருங்க," என்றார்.

வாசலில் ஃபைனா அழுகையும் சிரிப்புமாக மகளை உலுக்கினாள். "வீட்டுல வாத்துக் கத சொல்லி என்னத் தூங்கவிட மாட்டே, இங்க வந்து என் உயிர வாங்கிட்டியேடி!"

எல்விரா ரஷீதொவ்னா மறு ஆண்டு ஓய்வு பெற்றார். ஃபைனா அன்று வேலை பார்த்த ரொட்டி ஆலையிலேயே இருக்கிறாள். ரிம்மா இன்னும் கட்டம் வரைகிறாள். தாஸ்யா இப்போது டிராமில் கண்டக்டர். அவள் வாய்க்குப் பயந்து டிக்கெட் எடுக்காமல் யாரும் போவதில்லை. அந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள்.