ஓர் எச்சரிக்கைக்கு வந்த திருத்தங்கள்

மெரே ஆன்ட்டி என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, திரையில் நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். "விலக்கு என்று சொன்ன பிறகு எழுதும் எல்லாப் பெயர்களும் விலக்கப்படும். நகலெடுக்க வேண்டிய கோப்புறையை அதற்கு முன்பே எழுதுங்கள். இல்லையேல் உங்களிடம் நகலே இருக்காது."

"போதும்டி. இது அன்னைக்கு அங்க இருந்திருந்தா என் மண்டையில ஏறியிருக்கும்."

எங்கள் ஊர் பிளஃப் துறைமுக வானொலியின் ஒலிப்பதிவுகள் அவர் பொறுப்பில் இருந்தன. பெரும்பாலும் சிப்பிப் படகுக்காரர்களின் பேச்சு. வெள்ளிக்கிழமைகளில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி நகலெடுப்பார்: விலக்கு, வரைவுகள், குப்பை, கடைசியாக, நகலெடுக்க வேண்டிய பதிவுகள். விலக்க வேண்டியவற்றோடு பதிவுகளையும் சேர்த்துக்கொண்ட நிரல், ஒன்றையும் எடுக்காமல் 'முடிந்தது' என்று சொல்லிவந்தது. வட்டு கெட்ட அன்றுதான் தெரிந்தது. செத்துப்போன தங்கள் அப்பாவின் குரலைக் கேட்டு வருகிறவர்களிடம், தேடிக்கொண்டிருப்பதாக இன்னும் சொல்கிறார்.

அந்த நிரலை எழுதியவர் பதில் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஆனால் தட்டிய கட்டளையைச் சொல் சொல்லாகப் பிரித்து அந்த நிரலுக்குக் கொடுப்பது, பல நிரல்கள் பயன்படுத்தும் ஒரு பொது நிரல் நூலகம். அதற்கு யாரும் திருத்தம் அனுப்பலாம். பள்ளிக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அதன் விளக்கக் குறிப்புகளில் எழுத்துப்பிழை திருத்தி அனுப்பிவருகிறேன். அங்கே யாரும் என்னை எழுந்து நின்று பேசச் சொல்வதில்லை.

எச்சரிக்கையை அனுப்பியதும், நூலகத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவரான டெஸ்மண்ட் ஹோபார்ட்டிலிருந்து எழுதினார். "நல்லா வந்திருக்கும்மா. 'நகலே இருக்காது'ங்கிறது மட்டும் பயமுறுத்துது. எடுத்துடலாமா?"

எடுத்தேன்.

அடுத்து, இன்னொரு பராமரிப்பாளரான ஃபிலிப்பா. "நகலெடுக்குறது ஏதோ ஒரு நிரலோட வேலை. நம்ம நூலகத்துக்குக் கோப்புறைன்னா என்னன்னே தெரியாதே. பொதுவா எழுதுவோம்."

அதுவும் சரிதான். அங்கே எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள், சொன்னதெல்லாம் நியாயமாகவும் இருந்தது. எதைப் பிடித்துக்கொண்டு மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சண்டை போடேன்டி," என்றார் ஆன்ட்டி. "வாயில என்ன கொழுக்கட்டையா? மெரேன்னு ஒரு மடச்சி ஊர் சொத்தைத் தொலைச்சான்னு எழுது."

ஊரில் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். மடச்சி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதன் கீழே மூன்று இதயப் படங்கள் விழுந்தன. "அவங்களுக்கு நடந்தது ரொம்ப வருத்தமா இருக்கு," என்று டெஸ்மண்ட் எழுதினார். "ஆனா இது விளக்கக் குறிப்புல வர்ற விஷயம் இல்லையேம்மா."

நேற்று என் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'சில விருப்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏற்கும். அவற்றின் வரிசையைக் கவனத்தில் கொள்க.' நான் எழுதியதில் மிஞ்சியது அவ்வளவுதான். கீழே நன்றி, என் பெயர், ஒரு ராக்கெட் படம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதைப் படிச்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"அதையேதான் செஞ்சிருப்பீங்க ஆன்ட்டி."

"உன் பேரைப் போட்டிருக்காங்களே, அது வரைக்கும் சந்தோஷம்," என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராக்கெட்டின் பக்கத்தில் இருந்த எண் ஒன்று, இன்னொருவரும் அதை அழுத்தியதில் இரண்டாக மாறியது. ஆன்ட்டி கையை நீட்டி, திரையில் அந்த வாக்கியத்தின் மேல், அதன் அடியில் பழையது இருப்பதுபோல, விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.