ஹென்டர்சனுக்கு வந்த ஹார்லோ பெண்ட்

1993 மார்ச்சில், ஆக்லாந்தின் ஹென்டர்சனில் வாங்கிய புது வீட்டில் மகேசன் குடும்பம் பால் காய்ச்சியபோது, பொங்கிய பால் அடுப்பிலிருந்து இறங்கி, பின்வாசல் வழியாகப் போய், வேலிக்கு அப்பால் ஓர் அமெரிக்க ஆறாக ஓடத் தொடங்கியது. பஞ்சாங்கத்தில் பிழையில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கணித்த நல்ல நேரத்தை மகேசன் அப்படியே ஆக்லாந்து மணிக்கூட்டில் பார்த்துவிட்டார். தப்பான நேரத்தில் பொங்கிய பால் தப்பான நாட்டு ஆற்றைத்தானே கொண்டுவரும்? பக்கத்து வீட்டுக்காரர் தன் கோழிக்கூட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

அக்கரையில் இருந்த ஊரின் பெயர் ஹார்லோ பெண்ட். ஆறு முழங்கை போல மடங்கும் இடத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஒரே ஒரு கடைத்தெரு. பாறைக்கு மேலே தேவாலயமும் கல்லறைகளும். மரம் அறுக்க வந்தவர்கள் கட்டிய ஊர். மரம் தீர்ந்ததும் ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்தார்கள். சிப்பியும் தீர்ந்ததும் சோளம் போட்டார்கள். வெள்ளம் இரண்டு முறை ஊரைக் கொண்டுபோயும் மேட்டுக்குப் போகாமல் அதே பள்ளத்தில் திரும்பக் கட்டிய பிடிவாதக்காரர்கள். அங்கே நாள் ஒன்று பின்தங்கியிருந்ததால், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை மணி திங்கள் காலையில் மகேசனை வேலைக்கு எழுப்பிவிடும். ஜனவரி வெயிலில் மகள் பிரணவி படகில் போய் ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பனி அள்ளி வருவாள். படகோட்டும் அக்கரை டோரிஸ் கூலிக்குப் பதில் மகேசனின் மனைவி ரதிதேவியின் உழுந்து வடை வாங்கிக்கொள்வாள். சந்தோஷமான வருடங்கள்தான்.

1996 ஏப்ரலில் அங்கே ஆற்றின் மேல்பக்கம் பனி உருகி ஆறு ஏறியது. வேலி மூழ்கியது. ரதிதேவி ஏற்கெனவே ஒரு வீட்டைச் சண்டைக்கு விட்டுவிட்டு ஓடிவந்தவள்.

"இன்னொருக்கா வீட்டை விட்டுட்டு ஓட என்னால ஏலாதப்பா," என்று புருஷனிடம் அழுதாள்.

மவுண்ட் வெல்லிங்டன் கோயிலிலிருந்து ஐயரை அழைத்துவந்தார்கள். ஆக்லாந்துக்குச் சரியாகக் கணித்த நேரத்தில் மறுபடி பால் பொங்கினால் ஆறு வந்த வழியே போய்விடும் என்றார் அவர்.

"அக்கரைச் சனம்?" என்று கேட்டாள் ரதிதேவி.

"அதுகளும் சேர்ந்துதான் போகும், பிள்ளை."

ரதிதேவி பாலை அடுப்பில் வைத்தாள். அது விளிம்பு வரை ஏறிய நேரம் ஜன்னலில் படகுகள் தெரிந்தன. டோரிஸும் ஊராரும் தங்கள் கடைத்தெருவுக்கு அடுக்கிய மண்மூட்டைகளில் பாதியைக் கொண்டுவந்து அவள் பின்வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரதிதேவி அடுப்பை நிறுத்தினாள்.

"நேரம் போகுது!" என்று பதறினார் ஐயர்.

"போகட்டும் ஐயா. சனம் குளிரில நிக்குது," என்று அதே பாலில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள்.

மகேசன் மூட்டை தூக்கினார். ஐயரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் குசினிப் படியை நனைத்துவிட்டு வடிந்தது. ஹார்லோ பெண்டில் வெள்ளம் ஏறிய மட்டத்துக்குத் தபால் நிலையச் சுவரில் ஆண்டுவாரியாகக் கோடு போடுவார்கள். அந்த ஆண்டுக் கோட்டை மகேசன் வீட்டுப் படியில் போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஆக்லாந்திலேயே ஆல்பனியில் வீடு வாங்கிய நண்பர் கோதண்டராமன், பால் காய்ச்ச நல்ல நேரத்தை இந்த ஊர் நேரத்துக்கு மாற்றித்தான் பார்க்கவேண்டுமா என்று ரதிதேவியிடம் கேட்டார்.

"மாத்தாட்டிலும் பரவாயில்லை," என்றாள். "பாலை மட்டும் கூட வாங்கி வையுங்கோ. ஆர் வருவினமோ தெரியாது."