காயவைத்துப் போட வேண்டிய சீல்

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. சாரல் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடக் கூடாது. ஒரு கோபக்காரன் கதை சொல்லுகிறேன். அவன் கோபம் எங்கே போய் இறங்கியது என்று கேளுங்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் செந்தில்வேலுக்கு லாரிப் பட்டறை. மாரித்தாயின் புது லாரியில், என்ஜினின் முன்பக்கம் கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெயை வெளியே விடாமல் நிறுத்துகிற சீலை முந்தின நாள்தான் மாற்றிக் கொடுத்திருந்தான். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் வண்டி வழியெல்லாம் எண்ணெய் சொட்டியது. காலையிலேயே வந்து நின்றுவிட்டாள்.

"என்ன செந்திலு, ரிப்பேர் பாத்தியா, இல்ல வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனியா? ரெண்டு மணிக்குள்ள செங்கோட்டை தாண்டலேன்னா கமிஷன்கடைக்காரர் லோடை வேற வண்டிக்கு மாத்திருவாரு. அப்புறம் சீசன் பூரா என்னைக் கூப்பிடமாட்டாரு!"

"எக்கா, இது இருபது வருசக் கை. சீல்தான் டூப்ளிகேட்டு. அத வித்த கடைக்கார ஜெனோவ இன்னைக்கு உண்டு இல்லைன்னு ஆக்குதேன்."

சீலை மறைத்திருந்த புல்லிச் சக்கரத்தைக் கழற்றிச் சீலைப் பிடுங்கினான். பைக்கில் போகிற வழியெல்லாம் ஜெனோவைத் திட்டிக்கொண்டே போனான். உதிரிபாகக் கடை மேசையில் சீலை ஓங்கி அடித்தான்.

"ஏலே, போலிச் சரக்கைக் குடுத்து என் தொழில்ல மண்ணப் போடுதியா?"

ஜெனோ சீலின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். வழுக்கியது. "அண்ணாச்சி, போடுமுன்ன எண்ணெய் தடவுனீங்களா?"

"தடவாம? காய்ஞ்ச சீல எவன்லே போடுவான்?"

"பழைய வண்டில ரப்பரு, எண்ணெய் கேக்கும். இது வேற ரகம். சீலும் தண்டும் காய்ஞ்சிருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காரும். டப்பாவுலயே படம் போட்டிருக்கே, பாக்கலியா?"

ஜெனோ எடுத்துக் காட்டிய டப்பாவில் எண்ணெய்ச் சொட்டு ஒன்றை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தது. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். செந்தில்வேலுக்குக் காது மடல் எரிந்தது. "இன்னொண்ணு எடு" என்று உறுமினான்.

பட்டறையில் மாரித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "டூப்ளிகேட்டுதான? கடை எங்கன இருக்குன்னு சொல்லு. நானே போயி நாலு கேட்டுட்டு வாரேன்."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்தது. ஜெனோவின் முகம் நினைவுக்கு வரவே, தன் மேலேயே கோபம் பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"சீல்ல கோளாறு இல்லக்கா. எண்ணெய் தடவக்கூடாததுல தடவிட்டேன். தப்பு எம்மேலதான்."

"இருபது வருசக் கையாம்ல, கை! நாசமாப் போச்சு போ! நிக்கியே, மாட்டு சீக்கிரம்!"

அவன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினான். வெள்ளைத் துணியால் தண்டைத் துடைத்தான். "இன்னும் துடை" என்று அவள் தலைக்கு மேலேயே நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தான். துணியில் கறை ஒட்டாமல் வந்த பிறகுதான் சீலை நேராக வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினான்.

என்ஜின் அரைமணி நேரம் ஓடியது. கீழே விரித்த காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை. மணி ஒன்று.

மாரித்தாய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்தாள். "அடுத்த தடவையும் இங்கனதான் வருவேன். ஆனா டப்பாவ நான்தான் பாப்பேன்!"

லாரி நேரத்தோடு செங்கோட்டை தாண்டியது, கண்ணுகளா. கேட்டிருந்த உங்கள் வீட்டில் உலை எப்போதும் கொதிக்கட்டும். வெளியே போனவர்கள் சுகமாகத் திரும்பட்டும். யாருக்குக் கோபம் வந்தாலும் சோறு ஆறுமுன்னே அது ஆறிவிடட்டும்.