பொன்னாத்தாளின் அரை மணி நேரம்

பொன்னாத்தாள் எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த சிமெண்டு பெஞ்சின் மேல் தோட்டக்காரர் கோபாலசாமி ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பினாயில் புட்டி திறந்து கிடந்தது. வராந்தாவில் நின்றபடி வீட்டு எஜமானி வெங்கடலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கால் பக்கமும் நல்லா ஊத்துங்க, கோபாலு."

கோபாலசாமி பொன்னாத்தாளின் முகத்தைப் பார்க்காமலே ஊற்றினார்.

"சொல்லியிருந்தா நானே கழுவி உட்டிருப்பனுங்களே அம்மணி," என்றாள் பொன்னாத்தாள். "இருவது வருசமா இந்த ஊட்டுல எல்லாத்தயும் கழுவறவ நாந்தானுங்களே."

"வாய் பேசாத. ஐயா கார்ல வர்றப்பப் பாத்துட்டாரு. அந்த பெஞ்சுல நீ காலத் தொங்கப்போட்டுக் கண்ண மூடி உக்காந்திருக்கற. என்ன திமிருன்னு என்னையக் கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"திமிரில்லீங்க அம்மணி. டாக்டரம்மா சொன்னாங்களேன்னுதான்..."

"அது உனக்குச் சொன்னதா?"

டாக்டரம்மா யாருக்குச் சொன்னார் என்று பொன்னாத்தாள் அதுவரை யோசித்ததே இல்லை.

ஸ்பின்னிங் மில் முதலாளி ரங்கராஜின் அந்த வீட்டில் மாதம் ஒருமுறை மாதர் சங்கக் கூட்டம் நடக்கும். பெரிய வீட்டுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் காரில் வந்து இறங்குவார்கள். போன மாதம் மனநல டாக்டர் சாஜிதா பேகத்தை அழைத்திருந்தார்கள். காரணம் வெங்கடலட்சுமிதான். மகன் ஹர்ஷா மேல்படிப்புக்கு அமெரிக்கா போனதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. நெஞ்சு படபடப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் வர அரை மணி நேரம் தாமதமானால் அழுவாள். அதற்கு அந்த வீட்டில் டென்ஷன் என்று பெயர். டென்ஷன் வந்தால் சமையல்கட்டில் பாத்திரம் ஓசைப்படக் கூடாது. சமையல்காரம்மா ரேடியோவை நிறுத்த வேண்டும்.

ஹர்ஷா விமானம் ஏறிய அதே வாரத்தில்தான் பொன்னாத்தாளின் மகள் இளவேனில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, அம்மாவை அடையாளம் தெரியாமலே போனாள். அடக்கம் செய்த ஐந்தாம் நாள் சிங்காநல்லூர்ப் பக்கத்துக் காலனியில் அவள் வீட்டு வாசலில் முதலாளி வீட்டு டிரைவர் வந்து நின்றான். ஹர்ஷாவை வழியனுப்ப வீடு நிறைய விருந்தாளிகள், வாசல் கூட்ட ஆளில்லை என்றான். பொன்னாத்தாள் போனாள். அமெரிக்கா போகிறவனுக்குப் போட்ட மாலைகளில் இருந்து உதிர்ந்த ரோஜா இதழ்களைக் கூட்டி அள்ளினாள். "உன்ற புள்ளைக்கு என்னாச்சு" என்று அன்றைக்கு அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கும் தூக்கம் போனது. எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவாள். அதற்கு அந்த வீட்டில் டென்ஷன் என்று பெயரில்லை. "இவளுக்கு வேலையில புத்தி இல்ல" என்றார்கள்.

டாக்டர் வந்த அன்றைய கூட்டத்தில் அவள் வராந்தாவில் செருப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஹாலுக்குள் அவள் போவதில்லை. அவள் கழுவி வைக்கும் பாத்திரத்தின் மேல்கூடச் சமையல்காரம்மா தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பாள். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தினம் அரை மணி நேரம் உங்களுக்குன்னு எடுத்துக்குங்க. ஒரு எடத்துல உக்காருங்க. மூச்சு போறதையும் வர்றதையும் கவனிங்க. அழுகை வந்தா அடக்காதீங்க. துக்கத்தை யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க. இது சோம்பேறித்தனம் இல்ல. தினம் பல்லு வெளக்கறமில்ல, அது மாதிரி."

கடைசி வார்த்தை பொன்னாத்தாளுக்குப் பிடித்திருந்தது. பல் விளக்குவது எல்லோருக்கும் உண்டு.

பிற்பகல் மூன்று மணிக்கு வீடே தூங்கும். துவைத்த துணியை உலர்த்திவிட்டு, காம்பவுண்டு ஓரம் மாமரத்தடியில் யாரும் உட்காராமல் கிடந்த அந்தச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது. மூன்றாம் நாள் அழுகை வந்தது. அடக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷன் மாசாணத்திடம் முதல் தடவையாக மகளைப் பற்றிப் பேசினாள். மில்லில் மூட்டை தூக்கும் அந்த மனிதனும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அன்று இருவரும் விடியும்வரை தூங்கினார்கள். பத்துப் பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகத்துக்குப் பதிலாக, சைக்கிள் பழகும்போது விழுந்து எழுந்து சிரித்த இளவேனிலின் முகம் நினைவில் வந்தது.

அந்த இடத்தைத்தான் இப்போது பினாயில் ஊற்றிக் கழுவினார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். வெங்கடலட்சுமி மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அதற்கடுத்த நாளிலிருந்து மூன்று மணிக்குக் கார் ஷெட்டைக் கழுவச் சொல்லி உத்தரவு வந்தது. காலையில் கழுவிய ஷெட்தான். எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லாத தரையைப் பொன்னாத்தாள் தினமும் தேய்த்தாள். ராத்திரித் தூக்கம் மறுபடி போனது. இந்தத் தடவை துக்கம் மட்டும் காரணமில்லை.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டம். மதியம் இரண்டு மணிக்கே கார்கள் வந்துவிட்டன. டாக்டர் சாஜிதா பேகமும் வந்திருந்தார். பகோடாவும் காபியும் முடிந்ததும் கேட்டார்:

"போன தடவை சொன்ன அரை மணி நேரத்தை யாரெல்லாம் செஞ்சீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கல்யாண சீசன். ஒருத்திக்குக் கொடைக்கானல் பயணம். "நேரமே கெடைக்கறதில்ல டாக்டர்," என்றாள் வெங்கடலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நா செஞ்சனுங்க டாக்டரம்மா."

குரல் ஜன்னலிலிருந்து வந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"பதிமூணு நாளு செஞ்சனுங்க. நீங்க சொன்னாப்லயே உக்காந்தனுங்க. அழுதனுங்க. என்ற புள்ள செத்துப் போச்சுங்க, பதினாறு வயசு. நெம்ப வெசனமா இருந்துச்சுங்க. அப்பறம் தூக்கம் வந்துச்சுங்க. உங்க புண்ணியமுங்க."

"ரொம்ப சந்தோசம்மா. இப்பவும் செய்யறீங்களா?"

"இல்லீங்க. நா உக்காந்த பெஞ்சுல பினாயில ஊத்திக் கழுவிப்போட்டாங்க. மண்ணுல உக்காந்தனுங்க. அதுவும் கூடாதுன்னு இப்பக் கழுவுன ஷெட்டயே கழுவச் சொல்லியிருக்காங்க. அம்மணி மேல தப்பில்லீங்க. நீங்கதான் இது யாருக்குன்னு சொல்லாம உட்டுட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு ‘ங்க’வும் மரியாதையோடுதான் விழுந்தது. டாக்டர் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"நீங்க உள்ள வந்து உக்காருங்கம்மா."

"வேண்டாமுங்க. நா உள்ள வந்தா ஊடு பூராவும் கழுவோணுமுங்க. கோபாலண்ணனுக்கு முதுகு வலிங்க."

வெங்கடலட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். "எம் மானமே போச்சு" என்று முனகினாள். ஹால் பரபரத்தது. ஒருத்தி விசிறினாள், ஒருத்தி ஜாக்கெட் கொக்கியைத் தளர்த்தினாள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆனாலும் வெங்கடலட்சுமி கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

"பொன்னாத்தா... வந்து உள்ளங்காலத் தேச்சு உடு."

படபடப்பு வரும்போதெல்லாம் அதைச் செய்கிறவள் பொன்னாத்தாள்தான். வெளிப்படிக்கட்டு வழியாக அவளை மாடி வராந்தாவுக்கு வரச்சொல்லி, கீழே உட்காரவைத்து, வெங்கடலட்சுமி நாற்காலியில் இருந்தபடி காலை அவள் மடியில் நீட்டுவாள். அந்தக் கைக்கு மட்டும் அந்த வீட்டில் தீட்டுக் கிடையாது.

பொன்னாத்தாள் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இப்ப முடியாதுங்க அம்மணி. மணி மூணாச்சுங்க."

நாளைக்கு இந்த வீட்டில் வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் அவசரப்படவில்லை. வாசற்படியில், பதினைந்து ஜோடி விலையுயர்ந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கேட்டைப் பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

உள்ளே அத்தனை பெண்களும் வெங்கடலட்சுமியைச் சுற்றி நின்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "எதையும் மனசுல போட்டுக்காதீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க. நீங்களும் மனுசிதானுங்களே."